தடுப்புக்கு அந்தப் பக்கம்

இங்கிலீஷ் டீச்சர்: …புதனா வியாழனான்னு சரியா ஞாபகம் இல்லக்கா. தப்பாக்கூடச் சொல்றேனோ என்னவோ. ஆனா என் கிளாஸ் சத்தம் போட்டது அந்த ஒரே நாள்தான். அதுக்குப் போய் ஹெச்.எம்.முக்குப் புகார் லெட்டரா?

கணக்கு டீச்சர்: வியாழன்.

இங்கிலீஷ் டீச்சர்: பாருங்க, உங்களுக்கே ஞாபகம் இருக்கு.

கணக்கு டீச்சர்: பக்கத்து கிளாஸ்தானே. நடுவுல இருக்கறது சுவரா? வெறும் பலகைத் தடுப்பு.

இங்கிலீஷ் டீச்சர்: அதான் உங்களைத் தேடி வந்தேன். இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து போடுங்க. சத்தத்தால தொந்தரவு இல்லைன்னு பக்கத்து கிளாஸ் டீச்சரே சொன்னா ஹெச்.எம். வாயைத் திறக்க முடியாது. இல்லேன்னா வெள்ளிக்கிழமையோட எனக்குக் கும்பிடு போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் தற்காலிகம்தானே, கேக்க நாதி ஏது?

கணக்கு டீச்சர்: நோட்டு திருத்திட்டு இருக்கேன்… அங்க வை.

இங்கிலீஷ் டீச்சர்: நீங்க அங்க வைன்னா அது அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் அங்கேயே கிடக்கும்.

கணக்கு டீச்சர்: உனக்கு வாய் நீளம்.

இங்கிலீஷ் டீச்சர்: வயிறு எரியுதுக்கா. போன வருஷம் இந்தப் பிள்ளைங்க வினைச்சொல் அட்டவணையை மனப்பாடம் பண்ணி மனப்பாடம் பண்ணி… ஒண்ணாவது மண்டையில ஏறிச்சா? நான் சாக்பீஸால தரையில மூணு கட்டம் போட்டேன். நேத்து, இன்னைக்கு, நாளைக்கு. குதிச்சுப் போய் நின்னு, அந்தக் கட்டத்துக்கு ஏத்த மாதிரி இங்கிலீஷ்ல சொல்லணும். பத்தே நாள், கடைசி பெஞ்சு வாலுங்ககூடப் பிழையில்லாம சொல்லுதுங்க. இது குத்தமா?

கணக்கு டீச்சர்: குதிக்கறது குத்தமில்ல.

இங்கிலீஷ் டீச்சர்: பின்ன?

கணக்கு டீச்சர்: …வீட்டுக் கதையைச் சொல்லச் சொன்னியாமே.

இங்கிலீஷ் டீச்சர்: ஆமா, நிஜமா நடந்ததைச் சொன்னா ரெண்டு பாயிண்ட். கிளி பறந்தது, குரங்கு தாவினதுன்னு எத்தனை நாளைக்கு ஒப்பிப்பாங்க? ஒருத்தன் சொல்றான், நேத்து எங்கப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார்னு. கிளாஸே உருண்டு சிரிச்சுது.

கணக்கு டீச்சர்: அந்த அப்பாகிட்ட கேட்டியா, சிரிக்கலாமான்னு?

இங்கிலீஷ் டீச்சர்: என்னக்கா, நீங்களும் ஹெச்.எம். மாதிரியே… யாரு எழுதினதுன்னு கேட்டா பேரைச் சொல்ல மாட்டாங்களாம். முகத்துக்கு நேரா கேக்கத் துப்பில்லாத ஆளு. டிரில் மாஸ்டராத்தான் இருக்கும். நாள் முழுக்க அவரு ஊதற விசிலுக்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது?

கணக்கு டீச்சர்: அவரை ஏன் இழுக்கற? விடு.

இங்கிலீஷ் டீச்சர்: எப்படி விடறது? என் சோத்துல கை வெச்சிருக்காங்கக்கா. அந்த ஆளு மட்டும் கையில கிடைக்கட்டும்…

கணக்கு டீச்சர்: வியாழக்கிழமை ஏன் அவ்வளவு சத்தம்?

இங்கிலீஷ் டீச்சர்: அதுவா… யாரு நல்லா சொன்னாங்களோ, அவங்க சொன்னதை மொத்தக் கிளாஸும் சேர்ந்து மூணு தடவை சொல்லணும். அதான் பரிசு. அன்னைக்கு ஜெயிச்சது உங்க பொண்ணு. உங்ககிட்ட சொல்லலையா?

கணக்கு டீச்சர்: அவ சொல்லல.

இங்கிலீஷ் டீச்சர்: 'மை ஃபாதர் வென்ட் அவே. ஹி டிட் நாட் கம் பேக்.' ஒரு பிழை கிடையாது. சார் வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்காருன்னு சொன்னீங்களே, அந்த ஏக்கம் போல. அன்னைக்குச் சொன்னதுலயே அதான் பெஸ்ட். அதனாலதான் எல்லாரையும் நல்லா சத்தமா சொல்லச் சொன்னேன்.

கணக்கு டீச்சர்: நாப்பது பேர்.

இங்கிலீஷ் டீச்சர்: நாப்பத்திரண்டு.

கணக்கு டீச்சர்: மூணு தடவை இல்ல, நாலு. எண்ணிட்டுத்தான் இருந்தேன். என் கிளாஸ்ல ஏழாம் வாய்ப்பாடு ஓடிட்டு இருந்துச்சு. பசங்க வாய்ப்பாட்டை நிறுத்திட்டு என் முகத்தைப் பார்த்தாங்க. நாலாவது தடவை அவங்களும் சேர்ந்து சொன்னாங்க.

இங்கிலீஷ் டீச்சர்: அக்கா… சார் வெளிநாட்டுலதானே…?

கணக்கு டீச்சர்: அதை விடு. அப்புறம் என்ன நடந்துச்சு?

இங்கிலீஷ் டீச்சர்: அக்கா, நானும் உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன். ஜெயிச்சவங்க அடுத்து 'நாளைக்கு' கட்டத்துக்குப் போய், இனி என்ன நடக்கும்னு சொல்லணும். உங்க பொண்ணு போய் நின்னா… வாயே திறக்கல. பத்து வரைக்கும் எண்ணிட்டு அவுட்டுன்னு உட்கார வெச்சேன். அழுதா. தோத்துட்டோம்னு அழறான்னு நினைச்சு எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துட்டு இருந்துட்டேன்.

கணக்கு டீச்சர்: வெளிநாடும் இல்ல ஒண்ணும் இல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வேற ஒருத்தியோட குடித்தனம் பண்றாரு. நாலு மாசமாச்சு. பொண்ணுகிட்டயும் வெளிநாடுன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன், அவளும் நம்பிட்டான்னு நினைச்சிட்டு இருந்தேன். அவ நம்பலைங்கறது அந்தப் பலகை வழியாத்தான் எனக்குத் தெரிஞ்சுது. திங்கக்கிழமையிலேர்ந்து அவ வேற ஸ்கூலுக்குப் போறா. லெட்டர் எழுதினது நான்தான். கையெழுத்து போட மாட்டேன், எடுத்துட்டுப் போ.