வெள்ளரிக்காய்ச் சாட்சி

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். உங்கள் தலைச்சாயம் உங்கள் நிறத்துக்கு ஒரு படி கறுப்பு அதிகம். காதோரத் தோலிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வீட்டில் அவசரமாகப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். தலைகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெதுவும் முதலில் படுவதில்லை.

சிறையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் விஷயமாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். எங்கள் அழகு நிலையத்து முதலாளியை, நாங்கள் பெரியக்கா என்று கூப்பிட்டவளை, மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றதாக எட்டு வருஷம் உள்ளே இருந்தார். இந்த வருஷத் தொடக்கத்தில் மேல்கோர்ட் அவரை விட்டுவிட்டது. இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்த அளவுதான் உங்கள் போலீசுக்கும் தெரியும்.

அன்றைக்கு மொட்டைமாடி மோட்டாரைச் சரிசெய்ய வந்தார். சொன்ன நாளில் வரவில்லை என்று பெரியக்கா கத்தினாள், அவரும் கத்தினார். அவ்வளவுதான். கொலைக்கு அது போதும் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் முடிவு செய்தார்கள்.

டீச்சரம்மா கோர்ட்டில் சொன்னார்: “கையை ஓங்கிக்கிட்டு அவங்க பின்னாடியே ஏறினான், என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.” அந்த ரெண்டு கண்ணிலும் வெள்ளரிக்காய்த் துண்டு இருந்தது. வைத்தவள் நான். முகத்தில் பூச்சு காய்வதற்காக மல்லாந்து படுத்திருந்தார், லேசாகக் குறட்டை வேறு. பேங்க் அம்மாவுக்கோ, “உன்னை முடிச்சிடுறேன்” என்று அவன் சொன்னது காதில் விழுந்ததாம். அவர் தலை அப்போது காயவைக்கும் மெஷினுக்குள் இருந்தது. அதற்குள் தலையை விட்டிருப்பவரிடம் கடை பற்றி எரிகிறது என்று கத்தினாலும், “என்ன, காபியா?” என்பார்.

அவர்கள் பொய் சொன்னதாகக்கூட நான் நினைக்கவில்லை. பொய் சொல்லக் கொஞ்சம் மூளை வேண்டும். சொல்லச் சொல்லப் பார்த்தார்கள், கேட்டார்கள். என்னிடம் போலீஸ் இரண்டே கேள்வி கேட்டது. வந்தாரா? வந்தார். சண்டை நடந்ததா? நடந்தது. இரண்டும் உண்மை. அந்த வழக்கில் உண்மை மட்டுமே பேசிய சாட்சி நான் ஒருத்திதான்.

விடுதலைச் செய்தி வந்த அன்று கடையில் கல்யாண வீட்டுக் களை.

“எனக்கு அப்பவே மனசு உறுத்துச்சு, தெரியுமா?” என்றார் டீச்சரம்மா.

“அந்த முகத்தைப் பார்த்தா கொலைகாரன் மாதிரியா இருக்கு? பச்சப்புள்ள!” என்றார் பேங்க் அம்மா. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்துதான், “இவனுக்கெல்லாம் எதுக்குச் சோறு போட்டு வெச்சிருக்காங்க?” என்று கேட்டார். அதே முகம்தான். டிவியில் காட்டியதும் ஏறக்குறைய அதே போட்டோதான்.

பூங்கொத்தோடு போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார்கள். எல்லாரும் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். போவதற்கு முன் கடைக்கு வந்து புருவத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

அந்தக் கூத்து எனக்குச் சலித்துவிட்டது. ஒருநாள் டீச்சரம்மாவின் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே கேட்டேன்: “ஆமா, செய்யலைன்னு விட்டாங்களா, இல்ல ஆதாரம் பத்தலைன்னு விட்டாங்களா?” கேள்விதான், வேறொன்றுமில்லை. சாயங்காலம் அதையே பேங்க் அம்மா தன் சொந்த யோசனையாக எனக்கு எடுத்துச் சொன்னார். “இதெல்லாம் நீ யோசிக்க மாட்டேடி” என்றும் சொன்னார். அந்த வாரத்திலேயே எலக்ட்ரீஷியன் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் அவர் கடைக்கு வந்தார். பெண்கள் கடை என்பதால் வாசற்படியிலேயே நின்றார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

“அக்கா, ஒரு ஸ்விட்சைத் தொடக்கூட யாரும் விட மாட்டேங்குறாங்க. நீங்கதான் ஒரு உதவி பண்ணணும்.”

“நான் என்ன பண்ண முடியும்?”

“அன்னைக்கு நீங்க ஈரத்துண்டு வாளியைத் தூக்கிட்டு மேல ஏறினீங்க, நான் இறங்கினேன். ஒதுங்கி வழிவிட்டேனே, ஞாபகம் இருக்கா? அவங்க மேலதான் நின்னாங்க. நான் போனதுக்கப்புறமும் அவங்க உயிரோட இருந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அப்பவே வக்கீல்கிட்ட சொன்னேன். துண்டு காயப்போடுற பொண்ணை எதுக்கு இழுக்குறேன்னுட்டாரு.”

“அப்போ கடைசியா அவங்ககூட இருந்தது யாரு?” என்று கேட்டேன்.

யோசித்தார். உண்மையாகவே நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

“யாருமில்லையே அக்கா. நீங்க மட்டும்தானே.” பிறகு பெருமூச்சு விட்டார். “பாவம், தானாவே கால் தவறி விழுந்திருப்பாங்க.”

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, மேடம். எட்டு வருஷம் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன். இதைத் தவிர அவருக்கு யோசிக்க வேறென்ன இருந்தது? எதிரே ஏறி வந்தவளை அவர் பார்த்தார். பார்த்தும் அவருக்கு ஒரு வாளிதான் தெரிந்திருக்கிறது.

பெரியக்கா கெட்டவள் இல்லை. அன்று காலை ஒரு வாடிக்கையாளருக்கு நான் வெட்டிய முடியை, அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கித் திருத்தி வெட்டினாள். “குழந்தை, இன்னும் கத்துக்குது” என்று சிரித்தாள். எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. எல்லாரும் சிரித்தார்கள், பிரியமாகத்தான். மாடிக்குப் போனேன். படியின் உச்சியில் நின்றிருந்தவள் என் கன்னத்தைத் தட்டி, “மனசுல வெச்சுக்காதேடி. வெட்டுறது உனக்கு வராது. தலை கழுவுறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லை, அதைப் பாரு” என்றாள். நான் வாளியைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டுத்தான் தள்ளினேன். துண்டுகளை உதறிக் காயப்போட்டேன், ஈரத்தோடு விட்டால் நாறும். பிறகு இறங்கி அவளைத் தாண்டிப் பின்வாசல் வழியாக வந்து டீச்சரம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டேன். “கை என்னடி இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு, சுகமா இருக்கு” என்றார்.

இப்போது கடையை நான்தான் நடத்துகிறேன். வெட்டுவதும் நான்தான். யாரும் குறை சொன்னதில்லை.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிரபராதி படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், மனசாட்சிக்குக் கட்டுப்பட்டு நானாகத்தான் வந்தேன். அந்தப் பெண்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. பேப்பரில் எப்போது வரும், மேடம்? சனிக்கிழமை வந்தால் நல்லது. அன்றைக்குத்தான் கடையில் எல்லாரும் இருப்பார்கள்.