மூச்சு வாங்கிய இடத்தில் வந்த குரல்

சின்னமனூரில் கம்பம் பஸ் ஏறினேன். முன் சீட்டு அம்மா, பக்கத்தில் நின்ற மைக்செட்காரரிடம் கேட்டார்.

"தம்பி, நேத்து கோயில்ல நான் மூச்சு வாங்குறப்ப யாருப்பா பாடுனது?"

"நீங்கதான்க்கா. எக்கோவைக் கூட்டி விட்டேன். உங்க குரலே திரும்பி வந்துச்சு."

"ஆபரேசனுக்குப் பெறகு ஒரு வரி முழுசாப் பாட முடியல. ஆத்தாளுக்கு நேந்துக்கிட்ட பாட்டு பாதியில நின்னுருமோன்னு பயந்துக்கிட்டேதான் மேடை ஏறுனேன்."

"பெறகு அந்த எக்கோவைக் குறைக்க மறந்துட்டேன்க்கா. கோயில் கமிட்டித் தலைவரு மைக்ல ஒரு நன்றி சொன்னாக, நாலு நன்றியாக் கேட்டுச்சு. ‘ஏலே, கிண்டலா?’ன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டாக."

அம்மா சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். பிறகு மைக்செட்காரரைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் மனசுக்குள் ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டேன்.

"என் நன்றியையும் அந்த எக்கோவுல போட்டு விடுப்பா. ஒரு தடவ சொன்னாப் பத்தாது."