முடியாது என்று ஒரு கடிதம்

எனது பெயர் ஸ்ரீஸ்கந்தராசா வாமதேவன். வயது ஐம்பத்தேழு. பிறந்த இடம் இலங்கை, சாவகச்சேரி. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவன். மனைவி றஜனியுடன் பியர்ஃபித்-சூர்-செய்னில் எங்களுக்குச் சொந்தமான அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். லா சப்பலில் உள்ள ஓர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறேன். எனக்குப் பிரெஞ்சு பேச வரும். ஆயினும் இந்த விடயத்தைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். நான் கூறுவதை மொழிபெயர்ப்பாளர் திருமதி சிவாஜினி அதிகாரிக்குச் சொல்கிறார்.

வங்கிக் கிளையில் ஒரு பத்திரத்தைக் கிழித்ததும், அங்கு வேலை செய்யும் திரு. ரேமண்டைத் தள்ளிக் காயப்படுத்தியதும் நான்தான். அதை மறுக்கவில்லை. எப்படி நடந்தது என்று கேட்கப்பட்டதால் கூறுகிறேன்.

முன்னர் நான் லா சப்பலில் தொலைபேசி அட்டைகளும் திருமண வீடியோக்களும் விற்கும் கடை வைத்திருந்தேன். சனங்கள் கைத்தொலைபேசியிலேயே இலவசமாக ஊருக்குப் பேசத் தொடங்கிய பின்னர் கடையில் வியாபாரம் இல்லை. அப்போதே மூடியிருக்க வேண்டும். தெருவில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்பதால் கதவை இழுத்து மூட வெட்கப்பட்டு, கடன் அட்டைகளில் பணம் எடுத்து வாடகை கட்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தேன். அதன் பின்னர் கட்ட முடியாத நிலை வந்து, கடனாளிகளுக்கான அரச அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். ஏழு வருடம் மாதாமாதம் ஒரு தொகை கட்டுவது, அதன் பிறகு மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்வது என்று ஒழுங்கு செய்து தந்தார்கள். நான் ஒரு மாதமும் தவறவில்லை.

இந்த வருடம் அந்த ஒழுங்கு முடிகிறது. முடிக்கும்போது, வீட்டை ஈடு வைத்துப் புதிய கடன் எடுத்து மிச்சத்தைக் கட்ட எனக்கு வழியில்லை என்பதை நான் நிரூபிக்க வேண்டும் என்று அலுவலகம் அறிவித்தது. அதற்கு இரண்டு வங்கிகள் மறுத்ததாக எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டை விற்கும் நடவடிக்கை தொடங்கும். எனது சொந்த வங்கி மறுப்புக் கடிதத்தை உடனே அனுப்பியது. இரண்டாவதற்காக லா சப்பல் மெத்ரோ நிலையத்துக்குக் கிட்டே இருக்கும் மேற்படி வங்கிக் கிளைக்குப் போனேன்.

திரு. ரேமண்ட் பாண்டிச்சேரிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரை எனக்கு முன்னர் தெரியாது. என் பெயரைப் பார்த்தவுடன் தமிழில் கதைத்தார். கணினியைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க பேரு கடன் கட்ட முடியாதவங்க பட்டியல்ல இருக்குது. டொசியே திறக்கவே விடாதுங்க" என்றார். கடன் கோப்பைத்தான் டொசியே என்றார்.

"ஓம் தம்பி, அது தெரியும். தரமாட்டம் எண்டு ஒரு தாளிலை எழுதித் தாங்கோ. அதுக்குத்தான் வந்தனான்" என்றேன்.

"திறக்காத டொசியேவுக்கு எப்படி ஐயா மறுப்பு எழுதறது?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களில் என் பழைய கடைக்கு வந்து போன இருவர் இருந்தனர். கடன் கேட்டு வந்தவனாக அவர்கள் முன்னால் நின்றிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குக் கடன் தர முடியாது என்று எழுதித் தரும்படி நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவர் வெளியே போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதன் பின்னரும் இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை திரு. ரேமண்ட் தானாகவே உள்ளே போய்க் கிளைப் பொறுப்பாளர் திரு. ழான்-லூக்கிடம் கதைத்து, முறையாக மறுப்பதற்காகவே ஒரு டொசியே திறக்க அனுமதி வாங்கித் தந்தார். அதற்கு வீட்டிலுள்ள எல்லோருடைய சம்பளத் துண்டுகளும் தேவைப்பட்டன. மகள் லக்ஷனா அப்போது எங்களுடன் இருந்தாள். வயது இருபத்தைந்து. சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் நிரந்தர வேலை. பிரெஞ்சில் பிழை வராமல் இருக்கட்டும் என்று அவளை நான்தான் கூட்டிப்போனேன்.

திரு. ழான்-லூக் என் தாள்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு மகளின் சம்பளத் துண்டைக் கையில் எடுத்தார். எனக்குத் தர முடியாதுதான், ஆனால் கடனை மகள் எடுத்து, நான் வீட்டை ஈடாகக் கொடுத்தால் செய்யலாம், இருபது வருடத்தில் கட்டி முடிக்கலாம் என்றார். அவர் அதை நல்ல செய்தியாகவே சொன்னார். மகள் அதை எனக்குத் தமிழில் மாற்றிச் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது. நான் எழும்பி, வேண்டாம் என்று சொல்லி அவளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

லக்ஷனாவும் சேந்தன் என்ற பையனும் திருமணம் செய்ய இருக்கிறார்கள். ஓல்னேயில் ஒரு சிறிய வீடு பார்த்து, அதற்கு வங்கிக் கடன் எடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். என் கடனில் கையெழுத்திட்டால் அவளுக்கு வேறு கடன் கிடைக்காது. ரெயிலில் இதைச் சொன்னேன். அவள், "பப்பா, நான் வளர்ந்த வீடு. வித்தா நீங்க எங்க போவீங்க?" என்று கேட்டாள். அதற்கு மேல் கேட்டதெல்லாம் பிரெஞ்சில் கேட்டாள். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டில் மனைவி, "பிள்ளை தானாத்தானே கேக்கிறாள். நாங்கள் கட்டிக் குடுப்பம், அவளின்ர பேர் மட்டும்தானே" என்றாள். ஏழு வருடம் என்னுடன் சேர்ந்து எல்லாவற்றையும் சுருக்கியவள் அவள். அவளுக்கும் நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

சம்பவ நாள் மத்தியானம் உணவகத்தில் வேலையில் நின்றபோது திரு. ரேமண்ட் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, உங்க பொண்ணு வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குச் சந்தேகம். ஒரு நடை வந்துட்டுப் போங்க" என்றார். நான் கறியை அடுப்பில் விட்டுவிட்டு, ஏப்ரனைக் கழற்றாமல் ஓடினேன். வங்கி பக்கத்துத் தெருதான்.

உள்ளே திரு. ழான்-லூக்கின் அறையில் மகள் இருந்தாள். திரு. ரேமண்ட் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். திரு. ழான்-லூக் எழும்பிக் கை கொடுக்க வந்தார். மேசையில் பத்திரம் இருந்தது. கடைசித் தாளில் அவளுடைய கையெழுத்தும், அதன் கீழே எனக்கு விடப்பட்ட வெற்றிடமும் இருந்தன. நான் பத்திரத்தை எடுத்து நடுவால் கிழித்தேன். மகள், "பப்பா, அர்ரெத்" என்று கத்தினாள். நிறுத்தச் சொன்னாள். நான் மேலும் கிழித்தேன். அப்போது திரு. ரேமண்ட் என் இரு கைகளையும் பிடித்து, முகத்துக்குக் கிட்டே வந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று என் காதில் ஏறவில்லை. நான் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். அவர் கதிரையில் தடக்கி விழுந்து, கையை நிலத்தில் ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. மூக்குக்கண்ணாடி உடைந்தது. அவருடைய வெள்ளைச் சேட்டில், நான் தள்ளிய இடத்தில், என் கை மஞ்சளாகப் பதிந்திருந்தது.

அதன் பின்னர் நான் ஒன்றும் செய்யவில்லை. மூலையில் நிலத்தில் இருந்தேன். மகள் தன் சால்வையைச் சுருட்டித் திரு. ரேமண்டின் கைக்குக் கீழே வைத்து, அவரிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். என்னை அவள் பார்க்கவில்லை. பொலிஸ் வந்தபோது எதிர்க்காமல் அவர்களோடு போனேன்.

விடுவிக்கப்பட்டு வீட்டுக்குப் போன அன்று லக்ஷனா ஒரு பெட்டியில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். ஒரு சிநேகிதி வீட்டில் தங்கப் போவதாகத் தாயிடம் சொன்னாள். பிறகு என் முன்னால் வந்து நின்று, நான் காதில் வாங்காததை எனக்குச் சொன்னாள். திரு. ரேமண்ட் என் கைகளைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "கிழிக்க வேணாம் ஐயா. இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பேர்ல மறுப்பு எழுதிடுவேன்."

அவர் என்னை அழைத்ததே அதற்காகத்தான். நான் ஈடு வைக்கச் சம்மதிக்காவிட்டால் மகளின் விண்ணப்பம் விழுந்துவிடும், என் விண்ணப்பம் மட்டும் மிஞ்சும், அதை மறுத்துக் கடிதம் தரலாம் என்று காத்திருந்திருக்கிறார். மகளுக்கும் அதை முதலிலேயே விளங்கப்படுத்தியிருக்கிறார். தகப்பன் கேட்டுச் சரி என்றால் செய்வோம், இல்லை என்றால் விட்டுவிடுவோம் என்று அவளும் ஒத்துக்கொண்டுதான் அங்கே இருந்திருக்கிறாள். அந்த அறையில் இது தெரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான். நானும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அதன் பின்னர் வங்கியிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எனது நடத்தை காரணமாக எனக்கு எந்தக் கடனும் தர முடியாது, இனிமேல் என்னுடன் எந்தத் தொடர்பும் இல்லை என்று திரு. ழான்-லூக் கையெழுத்திட்டிருந்தார். மனைவி அதை வாசித்துவிட்டு, "நீங்கள் கேட்ட கடிதம் வந்திட்டுது" என்றாள்.

இந்த மறுப்புக் கடிதத்தைப் பெறுவதற்காகவே நான் திட்டமிட்டு வங்கியில் குழப்பம் செய்ததாகத் திரு. ழான்-லூக் தன் முறைப்பாட்டில் கூறியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது உண்மையா என்று கேட்கப்பட்டது. உண்மையல்ல. அந்த நேரம் எனக்குக் கடிதத்தின் நினைவே இல்லை. மகளின் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன்.

அந்தக் கடிதத்தைப் பயன்படுத்தினேனா என்று கேட்கப்பட்டது. ஓம், பயன்படுத்தினேன். கெடு முடிய இருந்தது. எப்படி வந்த கடிதம் என்பதையும் கூடவே எழுதி, அரச அலுவலகத்துக்கு அனுப்பினேன். என்ன காரணமாக இருந்தாலும் மறுப்பு மறுப்புத்தான், அது போதும் என்று அங்கிருந்த பெண் அதிகாரி தொலைபேசியில் சொன்னார். மிச்சக் கடன் தள்ளுபடியாகிறது. வீடு எங்களிடமே இருக்கும். ஒரு மனிதரின் கையை முறித்து எனக்கு அந்த வீடு கிடைத்தது என்று யாரும் சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்கப்பட்டது. தாயுடன் தொலைபேசியில் கதைக்கிறாள். ஓல்னே வீட்டுக்குக் கடன் கிடைத்துவிட்டது என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். என்னுடன் இன்னும் கதைக்கவில்லை. கதைக்கச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

திரு. ரேமண்டின் வைத்தியச் செலவையும் மூக்குக்கண்ணாடியின் விலையையும் கொடுக்கச் சம்மதிக்கிறேன். நீதிமன்றம் எது விதித்தாலும் ஏற்பேன்.

வேறு ஏதும் சொல்ல விரும்புகிறேனா என்று கேட்கப்பட்டது. ஒன்று மட்டும். இன்று காலை நான் இங்கு வந்தபோது திரு. ரேமண்டும் வாக்குமூலம் கொடுக்க வந்து, வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார். கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்த தன் பையை நல்ல கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க ஐயா, நேரமாகும்" என்றார். என்னால் அவருக்குப் பக்கத்தில் இருக்க முடியவில்லை. என் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் சுவரோடு நின்றேன்.

மேலே உள்ளது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் உண்மையைச் சொன்னேன் என்பதற்கு எனது கையெழுத்து.

(ஒப்பம்) ஸ். வாமதேவன்
(ஒப்பம்) சிவாஜினி, மொழிபெயர்ப்பாளர்