சுரங்கப்பாதைக்கு இரண்டு விளக்குகள்

மோட்டார் சைக்கிளில் கூடுதல் விளக்கு மாட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சார். கொஞ்சம் பொறுமை இருந்தால் வீட்டு வாசலிலேயே அரை நாளில் முடித்துவிடலாம். நான் பதினெட்டு வருடம் பேருந்துப் பணிமனையில் வயரிங் வேலை பார்த்தவன். அந்த வேலை போய் ஒரு வருடமாகிறது.

வேலை போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேருந்தில் வயர் தீப்பிடித்தது. அந்த வயரை இழுத்தவர் அதே பணிமனையில் இருந்த என் தங்கையின் கணவர். தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. "மச்சான், இந்த ஒரு தடவை நீங்க ஏத்துக்கோங்க. ஆறே மாசம், நானே உங்களத் திரும்ப உள்ள இழுத்துடறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏற்றுக்கொண்டேன். எனக்குக் குடும்பம் என்று இருந்தது அவள் மட்டும்தான்.

பிறகு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வேலை. நடுவில் நீளமான சுரங்கப்பாதை. உள்ளே விளக்குகள் பழுது, பகலிலும் கும்மிருட்டு. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விளக்குகளை வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "உங்க கை பட்டாதான் மச்சான் எனக்குத் திருப்தி."

சீட்டைக் கழற்றினேன். அடியில் வண்டிக் காகிதங்கள் வைக்கும் பிளாஸ்டிக் உறை. உள்ளே அவற்றோடு, என்னைப் பற்றி நிர்வாகத்துக்கு அவர் கொடுத்த கடிதத்தின் நகல். 'பலமுறை எச்சரித்தும் திருந்தாதவர். மீண்டும் வேலைக்கு எடுத்தால் பயணிகளின் உயிருக்கு ஆபத்து.' கீழே அவருடைய கையெழுத்து. அவர் எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். கடிதமோ முத்து முத்தாக இருந்தது. என் தங்கையின் எழுத்து. அவளுக்கு எழுதப் பழக்கியவன் நான்.

அவள் என் அடுப்படியிலிருந்து டீ கொண்டுவந்தாள். "சர்க்கரை போதுமாண்ணா?" போதும் என்றேன். குடித்துவிட்டு உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

விளக்குகளுக்குத் தனி வயர் இழுக்க வேண்டும், ஃபியூஸ் போட வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. வண்டியின் எல்லா விளக்குக்கும் போகும் ஒரே மெல்லிய வயரில் சேர்த்துவிட்டேன். சூடேறி உருக அரை மணி நேரமாகும். சுரங்கம் வரவும் அவ்வளவுதான் ஆகும்.

கிளம்பும்போது தங்கையும் ஹெல்மெட்டோடு வந்தாள். புது வீட்டைப் பார்க்கப் போகிறாளாம். "குழந்தைய நீ பாத்துக்கோண்ணா. சாயங்காலம் வந்துடுவோம்." வாங்கிக்கொண்டேன். அவள் ஹெல்மெட் வார் தளர்ந்திருந்தது. ஒரு கையாலேயே இழுத்து மாட்டிவிட்டேன்.

சுரங்கத்தின் நடுவில் எல்லாம் ஒன்றாக அணைந்தன. பின்னால் வந்த லாரிக்காரர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள். மாப்பிள்ளை கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். தங்கை அங்கேயே போய்விட்டாள். வேண்டுமென்றுதான் செய்தேன். அவள் உட்கார்ந்த பிறகும் தடுக்கவில்லை.

அன்று என் வாசலில் வண்டி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்துக் கேட்டாள், "ரெண்டும் எரியுதாண்ணா?"

"எரியுது" என்றேன். அப்போது எரிந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் மூன்று பேரில் பொய் சொல்லாதவன் நான் ஒருவன்தான், சார்.