அன்பினால் என் விளம்பரத்தைத் தொடாதீர்கள்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் ஆன்றோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நடைப்பயிற்சிச் சங்கத்தின் நல்ல இதயங்களே, எனக்கு முன்னால் பேசி என்னை வானளாவப் புகழ்ந்த செயலாளர் தம்பி அவர்களே! உங்கள் எல்லோரையும் வணங்கி ஒன்றே ஒன்று கேட்கிறேன். கையில் எடுத்த கைப்பேசியைக் கீழே வையுங்கள்.

சிரிக்காதீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சற்று முன் செயலாளர் தம்பி என்ன சொன்னார்? "அக்காவுக்குச் சும்மா கைதட்டி அனுப்பிடாதீங்க. போனை எடுங்க, அக்காவோட வலைப்பூவைத் திறங்க, விளம்பரத்தைத் தட்டுங்க!" என்றார். நீங்கள் ஆரவாரம் செய்தீர்கள். நானோ இந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

துணியில் படிந்த கறையைப் போக்குவது பற்றித்தான் இன்று நான் பேசியிருக்க வேண்டும். மையும் துருவும் தேநீரும் துணியில் படிந்தால் என்ன செய்வது என்று என் வலைப்பூவில் எழுதிவருவதால் அழைத்தீர்கள். ஆனால் இன்று என் பெயரிலேயே ஒரு கறை படியும் நிலையில் இருக்கிறது. அதைப் பேசாமல் சட்டைக் காலரைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன்?

என் கணவர் மறைந்தபோது மகன் அழைத்தான். "எதுக்கும்மா தனியா கஷ்டப்படறீங்க? எங்ககூட வந்துடுங்க" என்றான். நல்ல பிள்ளை, நல்ல மருமகள். ஆனாலும் என் வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். எழுதத் தொடங்கினேன். படிக்க ஆள் வந்தார்கள். பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் வந்தது. அந்த வருமானத்தில்தான் என் வீட்டில் விளக்கு எரிகிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்!

அந்த வருமானம் திடீரென்று ஏறியது. மகிழ்ந்தேனா? இல்லை. மாவு பொங்கலாம், பால் பொங்கலாம்; வருமானம் காரணமில்லாமல் பொங்கலாமா? அடுத்து விளம்பர நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. இயல்புக்கு மாறாக, ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், பலர் என் விளம்பரங்களைத் தட்டுகிறார்களாம். விசாரிக்கிறார்களாம். மோசடி என்று முடிவானால் கணக்கை மூடிவிடுவார்களாம்; என் பெயரில் மறுபடி திறக்கவும் முடியாதாம்.

மோசடி! கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள் நான். தையல் ஒரு நூல் கோணினாலும் முழுவதையும் பிரிக்கச் சொல்வார்கள். பிரித்தோம், தைத்தோம், மறுபடியும் பிரித்தோம். அப்படி வளர்ந்தவளிடம் வந்த சொல்லைப் பாருங்கள், மோசடி!

யார் செய்திருப்பார்கள்? எனக்குத் தோன்றிய முதல் ஆள் நம் சலவைக்கடைக்காரர். அவர் கொதிநீரில் பட்டுப்புடவையைப் போட்டுப் பாழாக்கியதை நான் எழுதியிருந்தேன். நேராகக் கடைக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னைக் கவிழ்க்கத்தானே என் விளம்பரத்தை ஓயாமல் தட்டுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அம்மா, இந்தத் துணி மூட்டையைப் பாருங்க. இதை முடிக்கவே எனக்கு ரெண்டு கை பத்தல. உங்களைக் கவுக்கறதுக்கு மூணாவது கைக்கு எங்க போவேன்?" என்றார்.

ஆமாம், சிரியுங்கள். அந்தச் சிரிப்பு எனக்குரியது. வந்த வழியே திரும்பினேன். அவர் அதோ வாசற்பக்கம் நிற்கிறார். ஐயா, எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். பட்டு விஷயத்தில் மட்டும் என் கருத்தில் மாற்றமில்லை!

உண்மை எனக்கு எங்கே தெரிந்தது? இதே கட்டடத்தில், இன்று காலையில். ஒலிபெருக்கியைச் சரிபார்க்க வந்தேன். பின்கூடத்தில் நம் சங்கத்தார் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சி ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார்: "கையை மேல தூக்குங்க. மெதுவா இறக்குங்க. மூச்சை விடுங்க. இப்ப போனை எடுங்க. அக்கா விளம்பரத்தைத் தட்டுங்க. ம், அடுத்த விரல்!"

உடற்பயிற்சியின் கடைசிப் பாடம் என் விளம்பரம்! ஒரே கூடம், ஒரே வைஃபை, ஒரே தாளத்தில் தட்டும் விரல்கள். தொலைவில் இருந்து பார்க்கும் நிறுவனத்துக்கு இது எப்படித் தெரியும்? கூலிக்கு ஆள் பிடித்துக் கூட்டமாகத் தட்டுவதாகத் தெரியாதா? உள்ளே இருப்பது உள்ளன்பு என்று கணினிக்கு எப்படிப் புரியும்?

யோசியுங்கள். விளம்பரம் கொடுத்தவரும் ஒரு வியாபாரிதான். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் பையிலிருந்து பணம் போகிறது. வாங்கும் எண்ணமே இல்லாமல் தட்டினால், அவருடைய பணத்தை எடுத்து எனக்கு அன்பளிப்புக் கொடுக்கிறீர்கள். அது அன்பா? அடுத்தவர் பணத்தில் அன்பு காட்டலாமா?

ஆகவே, வலைப்பூ எழுதும் தாய்மார்களே, எழுத நினைக்கும் தம்பிகளே, கேளுங்கள். உங்கள் விளம்பரத்தை நீங்கள் தட்டாதீர்கள். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குக்கூடத் தட்டாதீர்கள். தட்டச் சொல்லி உறவைக் கேட்காதீர்கள். "வாசகர்களை விற்கிறோம்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்புங்கள். படிப்பவர் விரல் தவறிப் படும் இடத்தில் விளம்பரத்தை வைக்காதீர்கள். வருமானம் ஏறினால் இனிப்பு வாங்குமுன், ஏன் ஏறியது என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், விளம்பர நிறுவனம் கேட்குமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

என்ன அங்கே? முன்வரிசையில் என் நாத்தனார் இன்னும் கைப்பேசியை உருட்டுகிறாள். என்னம்மா?

"அண்ணி, நான் எவ்வளவு நேரமா தேடறேன்? விளம்பரமே வரலயே!"

வராது. மேடை ஏறுமுன் நானே எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆம், வருமானத்தின் வாய்க்காலை என் கையாலேயே அடைத்துவிட்டு வந்து நிற்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் நான் அழாக்குறையாக நின்றபோது செயலாளர் தம்பி எனக்கு நல்லது என்று நினைத்து ஒரு வழி சொன்னார். "அக்கா, யாரோ விஷமிங்க செஞ்சுட்டாங்கன்னு எழுதிப் போடுங்க. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார். நான் அப்படியே எழுதியிருப்பேன், ஆபத்து நீங்கியது என்று நம்பித்தான் சற்று முன் உங்களையும் தட்டச் சொன்னார். தலையைக் குனியாதீர்கள் தம்பி. கோபமில்லை.

அப்படி எழுதினால் கணக்கு பிழைக்கலாம். உண்மையை எழுதினால் போகலாம். எழுதுவதற்கு முன் எத்தனை முறை அறைக்குள் நடந்தேன் தெரியுமா? ஆனால் யார் அந்த விஷமிகள்? நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவளா விஷமி? என் மின்சாரப் பெட்டியைப் பழுதுபார்த்துவிட்டுக் காபிகூட வேண்டாமென்று போனவரா விஷமி? என் கணவரைத் தோளில் சுமந்தவர்களா விஷமிகள்? அந்தச் சொல்லை எழுத என் விரல் மறுத்தது, மறுத்துவிட்டது!

நிறுவனத்துக்கு எழுதினேன்: "தட்டியவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள். அன்பினால் செய்தார்கள். விதி அறியாமல் செய்தார்கள். அந்தத் தட்டுகளால் வந்த பணம் எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள்." அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. நல்ல பதில் வரும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அஞ்சுகிறேன், உங்கள் முன்னால் ஒளிக்காமல் அஞ்சுகிறேன்.

கணக்கு போனால் என்ன செய்வேன்? இத்தனை காலம் நீட்டாத கையை என் மகனிடம் நீட்டுவேன். "இந்த மாதம் கொஞ்சம் உதவுப்பா" என்று கேட்பேன். ஆனால் ஏன் கேட்கிறாய் என்று அவன் கேட்டால், தலை நிமிர்ந்து சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருக்கும்!

பயிற்சி ஆசிரியை எழுந்து நிற்கிறார். அழாதீர்கள் அம்மா. சொல்லுங்கள்.

"அப்ப நாங்க உங்களுக்கு என்னதான் செய்யறது அக்கா?"

படியுங்கள். கடைசி வரி வரை படியுங்கள். தப்பிருந்தால் தப்பு என்று எழுதுங்கள். நாளைக் காலையில் துருக்கறை பற்றிய கட்டுரை வரும், விளம்பரம் இல்லாமல், காசு இல்லாமல், ஒரு நூலும் கோணாமல் வரும். அதை நீங்கள் படித்தால் போதும்.

என் பேச்சைப் பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்திருக்கும் தாய்மார்களுக்கும், என்மேல் கொண்ட அன்பினால் தவறிய அத்தனை விரல்களுக்கும் நன்றி கூறி, வணங்கி அமர்கிறேன்.