லஹ்சன் கொண்டுவந்த சர்க்கரை

மன்னானா: சிரிக்காதே பூஅஸ்ஸா! மெக்னஸ் ஊர் முழுக்கப் பேசப் போறாங்க.

பூஅஸ்ஸா: சிரிக்காம? உன் தம்பி லஹ்சன் நம்ம வீட்டுச் சர்க்கரை போடாத டீயைக் குடிச்சுட்டு, பாவம், அக்கா வீட்ல சர்க்கரைக்கே வழியில்லைன்னு நினைச்சுட்டான்! கூம்பு மாதிரி ரெண்டு பெரிய சர்க்கரைக் கட்டியைத் தூக்கிட்டு வந்திருக்கான் பாரு.

மன்னானா: அவனுக்கு அக்கா புருஷன், நீயாவது சொல்லியிருக்கலாம்ல?

பூஅஸ்ஸா: என்னன்னு? "உங்க அக்கா ரத்தத்துல அழற்சி, இனிமே இங்க புதினாத் தண்ணிதான்"னா? யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு நீதானே...

மன்னானா: சரி, சரி, விடு.

பூஅஸ்ஸா: ஆமா, இந்த அழற்சி... வலிக்குமா?

மன்னானா: வலிக்காது. அதுதான் வம்பே. வெட்டுக்காயம்னா வீங்கும், ஆறிடும். இது அடங்காம உள்ளேயே கனன்னுகிட்டு இருக்குமாம், வருஷக்கணக்கா. அப்புறம் ஒருநாள் நெஞ்சு...

பூஅஸ்ஸா: எங்க அண்ணன் போய்ச் சேர்ந்த மாதிரி.

மன்னானா: ...ஆமா.

பூஅஸ்ஸா: அதான் வெள்ளை ரொட்டி போச்சு, மத்தி மீன் வந்துச்சு. சாப்பிட்டு முடிச்சா கோட்டைச் சுவரோரமா நடை. நேரத்தோட தூக்கம். உனக்குப் புகை ஆகாதுன்னு என் சிகரெட்டும் போச்சு!

மன்னானா: தனியா நடக்கப் பயமா இருக்குன்னேன்ல.

பூஅஸ்ஸா: பயமா? உனக்கா? சந்தையில கழுதைக்காரனையே ஓட விட்டவ நீ!

மன்னானா: கிண்டல் போதும், கிளம்பு. இன்னைக்கு மறுபடி ரத்தம் பார்க்கணும். நீயும் குடு.

பூஅஸ்ஸா: நோய் உனக்கு, ஊசி எனக்கா? ஊசின்னாலே எனக்கு உதறும்னு தெரியும்ல?

மன்னானா: சும்மா... ஒரு துணைக்குத்தான்.

பூஅஸ்ஸா: என்னைப் பார்த்துச் சொல்லு.

மன்னானா: நேரமாச்சு, செருப்பை மாட்டு.

பூஅஸ்ஸா: கண்ணு ஏன் கலங்குது?

மன்னானா: இவ்வளவு பண்ணியும் குறையலைன்னா என்ன பண்றது?

பூஅஸ்ஸா: யாருக்குக் குறையலைன்னா?

மன்னானா: உனக்கு! போதுமா? அன்னைக்கு ரெண்டு பேரும் சோதனைக்கு ரத்தம் குடுத்தோம், கெட்டுக் கிடந்தது உன்னோடது. சொன்னா சிரிச்சுட்டு, இன்னொரு துண்டு சர்க்கரை சேர்த்துப் போட்டிருப்ப. அதான் எனக்குன்னு சொன்னேன்...

பூஅஸ்ஸா: தெரியும். அந்த வாரமே டாக்டரம்மா என் கடைக்கு ஆலிவ் வாங்க வந்தாங்க. "நடக்கிறீங்களா?"ன்னு என்னைத்தான் கேட்டாங்க. எனக்காகன்னா ஒரு அடி எடுத்து வச்சிருக்க மாட்டேன், மன்னானா. எனக்காக என் நோயை உன் மேல போட்டுக்கிட்ட பாரு... அதுக்காகத்தான் நடந்தேன். வா, போலாம். ஊசி போடும்போது மட்டும் என் கையைப் பிடிச்சுக்க.