அப்பாவைப் போலிருந்த தம்பி

சுதந்திரம் கிடைத்த மறுவருடம், காஜா பேராங் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஒரு பெண் தன் அண்ணியிடம் சொன்னது காதில் விழுந்தது.

“ஊசி போடுற மிஸ்ஸி என் தம்பிய அப்பான்னு நெனச்சிட்டா அண்ணி. முப்பது வயசுல தலையெல்லாம் நரை, கண்ணுல புரை. இப்ப கால்ல புத்துநோய்.”

“டாக்டர் என்னா சொன்னாரு?”

“பரம்பரைக் குறையாம். சின்னதுலயே அவன் வளர்த்தி நின்னதும் அதனாலதானாம். அப்பா, அம்மா சொந்தமான்னு கேட்டாரு. அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள்னேன். ரெண்டு பேருகிட்டயும் ஒளிஞ்சிருந்தது இவன்கிட்ட சேந்துருச்சாம்.”

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்ப என் மகனுக்கு உன் மகள...”

“வேணாம் அண்ணி.”

“அவ என் மகனையே நெனச்சிக்கிட்டு இருக்காளே.”

“தெரியும். நான்தான் போய்ச் சொல்லணும்.”

அவர்கள் போக வேண்டிய கிளேபாங் பஸ் வந்து நின்றது. இருவரும் ஏறவில்லை.